புயல் கரையைக் கடந்த பிறகு: உள்மாவட்டங்களில் வாழும் நாம் அறிய வேண்டியவை

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோர மாவட்டங்கள் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பெரும்பாலானோர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். கடற்கரை நமக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. புயல்தான் கரையைக் கடந்துவிட்டதே, இனி நமக்கு என்ன என்ற எண்ணம்.

டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை 8.30 மணிக்கு மழை அளவு கணக்கிடப்பட்டபோது, தமிழகத்திலேயே அதிக மழை பதிவான இடம் கடற்கரையில் இல்லை. அது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை. 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது. அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் பொம்மைகளைப் போல இழுத்துச் சென்றதைக் கைப்பேசியில் பார்க்காதவர் குறைவு. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தது.

"கரையைக் கடந்தது" என்ற சொல்லுக்கு "நம்மைக் கடந்து போய்விட்டது" என்று பொருள் இல்லை. உள்மாவட்டத்தில் வாழும் நமக்குப் பல நேரங்களில் ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, புயல் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

புயலுக்கு உணவு எது?

ஒளுச் செய்துவிட்டு வெளியே வரும்போது ஈரக் கையில் காற்று பட்டால் சில்லென்று இருக்கும். கையில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது நம் உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதே அதற்குக் காரணம். தம் போட்ட பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டால் கை சுடுகிறது. அந்த ஆவி நம் கையில் பட்டு மறுபடி தண்ணீராக மாறும்போது, தான் எடுத்து வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் புயலின் இயந்திரம். வங்கக் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி, அந்தச் சூடு சுமார் 50 மீட்டர் ஆழம் வரை பரவியிருந்தால், கடலிலிருந்து ஏராளமான நீர் ஆவியாகி மேலே போகும். மேலே போன ஆவி குளிர்ந்து மேகமாக மாறும்போது, கடலிலிருந்து எடுத்த வெப்பத்தை அங்கே வெளியிடும். அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தள்ளும். காற்று மேலேறிவிட்டதால் கீழே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று ஓடி வரும். வந்த காற்றும் சூடாகி மேலே ஏறும். கடலில் சூடு இருக்கும்வரை இந்தச் சுழற்சி ஓயாது.

ஓடி வரும் காற்று நேராக மையத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அது ஒருபக்கம் விலகி வளைகிறது. நாம் வாழும் பூமியின் வடபாதியில் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது இதனால்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இந்த வளைக்கும் விசை மிகக் குறைவு. எனவே அங்கே கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் புயல் உருவாவது அரிது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. மேலே வீசும் காற்றும் கீழே வீசும் காற்றும் வேகத்திலும் திசையிலும் பெரிதாக வேறுபடக் கூடாது. வேறுபட்டால், எழும்பி வரும் மேகக் கோபுரம் சாய்ந்து சிதைந்துவிடும்.

இந்த நிபந்தனைகள் வங்கக் கடலில் பெரும்பாலும் இரண்டு பருவங்களில் கூடிவருகின்றன. ஒன்று ஏப்ரல், மே மாதங்கள். மற்றது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழகத்தைத் தாக்கும் புயல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பருவத்தில், வடகிழக்குப் பருவமழையோடு வருபவை.

பெயரும் படிநிலையும்

வானிலைச் செய்திகளில் வரும் சொற்கள் ஒரே பொருளைச் சொல்வன போலத் தோன்றும். உண்மையில் அவை காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கப்பட்ட படிகள். காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே சுழன்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் அதற்குப் பெயரும் சூட்டப்படும். 89-க்கு மேல் தீவிரப் புயல். அதற்கும் மேல் படிகள் தொடர்ந்து, 220-ஐத் தாண்டினால் சூப்பர் புயல்.

பெயர்களை இப்பகுதியிலுள்ள 13 நாடுகள் முன்கூட்டியே கொடுத்து வைத்துள்ளன. இந்தியா, வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து ஆகியவற்றுடன் ஈரான், ஓமன், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகியவையும் அதில் உண்டு. ஃபெஞ்சல் என்பது சவூதி அரேபியா கொடுத்த பெயர்.

இந்தப் படிகள் அளப்பது காற்றை மட்டுமே. எவ்வளவு மழை பெய்யும் என்பதை அவை சொல்வதில்லை. ஃபெஞ்சல் இந்த ஏணியில் "புயல்" என்ற படியைத் தாண்டவே இல்லை. கரையைக் கடந்தபோது அதன் காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. "சாதாரணப் புயல்தான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது கொண்டுவந்த மழை விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர், மறுநாள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய, ஏமன் பெயர் சூட்டிய டித்வா புயலும் இதே படியில் இருந்ததுதான். கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலை மாவட்டங்களில் பெய்த பெருமழையாலும் மண்சரிவாலும் பாதிப்பு மிகக் கடுமையானது. அந்த நாட்டில் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காற்றின் பெயரைக் கேட்டு மழையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஃபெஞ்சல் ஏன் இவ்வளவு கொட்டியது?

முதல் காரணம், அதன் மெதுவான நடை. வேகமாகப் போகும் புயல் தன் மழையைப் பல மாவட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஃபெஞ்சல் கரையைக் கடந்த பின் டிசம்பர் 1 அன்று பல மணி நேரம் புதுச்சேரி அருகிலேயே நகராமல் நின்றது. நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்தது.

இரண்டாவது காரணம், கடலோடு அது அறுக்காத தொடர்பு. தரைக்கு வந்த புயலுக்குக் கீழே சூடான நீர் இல்லை. ஆகவே காற்று தளர்ந்துவிடும். ஃபெஞ்சலும் மறுநாளே தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. ஆனால் சுழற்சி உடனே நின்றுவிடவில்லை. அதன் ஒரு பக்கம் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்றை இழுத்து உள்மாவட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. "வலுவிழந்தது" என்ற செய்தி காற்றைப் பற்றியது. மழை அப்போதும் வலுவாகவே இருந்தது.

மூன்றாவது காரணம் நம் மலைகள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, சேர்வராயன் மலை ஆகியவை கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றுக்குக் குறுக்கே நிற்கின்றன. சேர்வராயன் மலையின் உயரம் 1,500 மீட்டருக்கும் மேல். மலையில் மோதிய காற்று மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் சுமந்து வந்த தண்ணீரைக் கீழே போட்டுவிடும். கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊத்தங்கரைக்கு அந்த மழை வந்தது இப்படித்தான்.

அதே இரண்டு நாட்களில் திருவண்ணாமலையில் மலையடிவாரக் குடியிருப்பின் மீது மண்ணும் பாறையும் சரிந்து, 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின.

இதோடு புவி வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். கடலும் காற்றும் சூடாகச் சூடாக, ஒரே நேரத்தில் கொட்டும் மழையின் அளவு கூடிக்கொண்டே போகும்.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு?

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 50 சென்டிமீட்டர் என்பது 500 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு சென்ட் இடத்தில் 20,000 லிட்டருக்கும் மேல். ஓர் ஏக்கரில் 20 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால், ஒவ்வோர் ஏக்கரிலும் ஒரே நாளில் சுமார் 170 லாரித் தண்ணீரைக் கொட்டியதற்குச் சமம். பள்ளம் நோக்கிப் போகும் இந்தத் தண்ணீர்தான் ஓடைக்கும் ஏரிக்கும் வந்து சேர்கிறது. ஓடையில் வீடும், ஏரிக்கரையில் குப்பையும் இருந்தால் அது வேறு வழி தேடும்.

நம் பகுதியின் இரண்டு வெள்ளங்கள்

சேலம், நாமக்கல் மக்களுக்கு வெள்ளம் புதிதல்ல. ஆனால் நமக்குப் பழகிய வெள்ளம் வேறு. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் காவிரியில் நீர் வரும். மேட்டூர் அணை நிரம்பும். 2024 ஜூலை இறுதியில் அணை முழு அளவான 120 அடியை எட்டி உபரிநீர் திறக்கப்பட்டபோது, பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோர மக்கள் வீடுகளைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. அது துன்பம்தான். ஆனால் அந்த வெள்ளம் சொல்லிவிட்டு வரும். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தியில் கேட்கிறோம். முன்கூட்டியே அறிவிப்புச் செய்கிறார்கள். சாமான்களை எடுத்து வைக்க நேரம் கிடைக்கிறது.

புயல் மழை தரும் வெள்ளம் அப்படியல்ல. ஏற்காட்டு மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாற்றில் இறங்கி, சேலம் கோட்டை ஜாமிஆ பள்ளிவாசல் பக்கமாக நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. ஓமலூர், எடப்பாடி வழியாகச் சரபங்கா நதி. ஆத்தூர் வழியாக வசிஷ்ட நதி. இவை ஆண்டின் பெரும்பகுதி வறண்டோ சாக்கடை நீரோடோ கிடப்பதால் இவற்றை ஆறு என்றே நாம் மதிப்பதில்லை. ஆனால் மலையில் இரவு கொட்டினால், விடிவதற்குள் இவற்றில் தண்ணீர் எகிறிவிடும். அறிவிப்புச் செய்ய நேரம் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாமக்கல் பக்கம் வானம் வெளுத்திருக்கலாம், ஒரு துளி மழைகூடப் பெய்யாமல் இருக்கலாம். அப்போதும் மலையில் பெய்த மழை தரைப்பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். "நம்ம ஊர்லதான் மழையே இல்லையே" என்று வண்டியை இறக்கிவிடுவோர் ஏமாறுவது இங்கேதான்.

ஓடும் தண்ணீரோடு விளையாட்டு இல்லை

புயல் மழையில் உள்மாவட்டங்களில் உயிர் போகும் வழிகளில் முக்கியமானது, ஓடும் தண்ணீரைக் கடக்க முயல்வது. வேகமாக ஓடும் நீர் கணுக்காலுக்கு மேல், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஒருவரின் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய காரை மிதக்கவைக்கும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். வண்டி கனமானது, தண்ணீர் என்ன செய்யும் என்ற கணக்கு ஓடும் நீரிடம் பலிப்பதில்லை.

ஃபெஞ்சல் புயலாக மாறுவதற்கு முன்பே, 2024 நவம்பர் 26 அன்று, இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் நடந்ததை மறக்க முடியாது. பெருமழை காரணமாக விடுமுறை கிடைத்து, மத்ரஸா மாணவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரைதீவு அருகே மாவடிப்பள்ளியில் சாலையின் மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களை ஏற்றிச் சென்ற டிராக்டரை வெள்ளம் அடித்துச் சென்றது. சிலர் காப்பாற்றப்பட்டார்கள். மாணவர்கள் உட்படப் பலர் இறந்துபோனார்கள். தீனைக் கற்கச் சென்ற பிள்ளைகளின் ஜனாஸாக்கள் அடுத்தடுத்து வந்தன. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

மழை என்றால் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் மேடான இடத்தில், உறுதியான கட்டடத்தில் விடுதி இருக்குமானால், வெள்ள நேரத்தில் பிள்ளைக்கு வீட்டுக்கு வரும் சாலையைவிட அந்த விடுதியே பாதுகாப்பு. அனுப்புவதாக இருந்தால் மழைக்கு முன்பே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வடிந்த பிறகு அனுப்ப வேண்டும். மத்ரஸா, பள்ளி, கல்லூரி விடுதி நடத்துவோர் இதை ஒரு விதியாகவே எழுதி வைப்பது நல்லது. "அத்தா, ரோட்ல தண்ணி போகுது" என்று மகன் போனில் சொன்னால், "அங்கேயே இரு" என்பதுதான் பதிலாக இருக்க வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

1970 நவம்பர் 12 அன்று இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. எச்சரிக்கை மக்களிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு அந்த நாடு பல்லாயிரம் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்தது, கடலோரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்களை எழுப்பியது. தன்னார்வலர்கள் கையில் ஒலிபெருக்கியோடு வீடுவீடாகப் போனார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் எச்சரிக்கையை அறிவித்தன. 2020 மே மாதம் உம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். அங்கே இறந்தோர் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. புயல்கள் சாதுவாகிவிடவில்லை. செய்தி சரியான நேரத்தில் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரிலும் இது முடியாத காரியமல்ல.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணைப் பார்த்து நமக்குப் பயனில்லை. நம் மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையம் கொடுக்கும் மழை எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 20 சென்டிமீட்டர் வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை, அதற்குச் சிவப்பு எச்சரிக்கை. நம் மாவட்டம் மஞ்சளாக இருந்து, மேலே உள்ள மலைப்பகுதி சிவப்பாக இருந்தாலும் ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு அது சிவப்புதான்.

ஆற்றோரம், ஓடையோரம், ஏரிக்குக் கீழே, மலைச்சரிவுக்கு அடியில் இருக்கும் வீடுகள் எவை என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் பட்டியல் எடுத்து வைக்கலாம். அவற்றில் தனியாக இருக்கும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள் யார் என்பதைக் குறிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் இருக்கக் கூடாது. அடுத்த வீட்டுச் சகோதரர் யாராக இருந்தாலும் தண்ணீர் அவர் வீட்டுக்கும் வரும்.

பள்ளிவாசல் மேடான இடத்தில் இருந்தால் அதன் மேல்மாடி, திருமண மண்டபம், மத்ரஸாக் கூடம் ஆகியவற்றை ஓரிரவு தங்கத் தரலாம். தண்ணீர் புகுமுன் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்ல வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, பத்திரம், பாஸ்போர்ட் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைக்க வேண்டும். விசைத்தறி, சேகோ ஆலை, கோழிப்பண்ணை வைத்திருப்போர் நூலையும் மாவையும் தீவனத்தையும் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். மாவட்ட அவசர உதவிக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த இரண்டு எண்களும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

மார்க்கம் தரும் இலகு

கடும் மழை நாளில் பாங்கு சொல்பவர், மக்கள் தங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளும்படி அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மழையும் சேறுமாக இருந்த ஒரு ஜுமுஆ நாளில் இதைச் செய்யச் சொன்னபோது மக்கள் வியந்தார்கள். தம்மைவிடச் சிறந்தவரான நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிதான் இது என்று அவர்கள் விளக்கினார்கள். சேற்றில் மக்கள் நடந்துவர வேண்டாம் என்பதற்கே இவ்வளவு இலகு என்றால், உயிரை இழுத்துச் செல்லும் வெள்ளத்துக்கு எப்படி இருக்கும்? ஜமாஅத் தொழுகைக்காகவோ நிகாஹ் விருந்துக்காகவோ வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தைக் கடப்பது ஈமானின் வலிமை ஆகாது. அந்த நேரத்தில் வீட்டிலேயே தொழச் சொல்லி அறிவிப்பது இமாமின் கடமை.

நபி (ஸல்) அவர்கள் வறட்சியில் மழைக்காக துஆ செய்தார்கள். அந்த மழை ஒரு வாரம் நீடித்து வீடுகள் இடிந்தபோது, அது மக்கள் மீது பெய்யாமல் சுற்றுப்புறங்களுக்கு விலகட்டும் என்றும் துஆ செய்தார்கள். மழை ரஹ்மத் என்பது உண்மை. அளவு மீறினால் அதிலிருந்து பாதுகாப்புத் தேடுவதும் சுன்னத்.

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடலில் மறுபடியும் ஒரு சுழற்சி உருவாகும். அதன் பெயர் என்னவாக இருந்தாலும், அது கரையைக் கடந்தது என்ற செய்தி வந்த பிறகு அடுத்த இரண்டு நாட்களும் நாம் விழித்திருக்க வேண்டும். மலையைப் பார்க்க வேண்டும், ஆற்றைப் பார்க்க வேண்டும், ஆற்றோரத்தில் இருப்பவரைப் போய்ப் பார்க்க வேண்டும். முயற்சி நம்முடையது, பாதுகாப்பு அல்லாஹ்விடமிருந்து.